கொம்பின் மேல் கூண்டு

அண்ணி ஏணியிலிருந்து விழுந்த அன்று தோட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி, விதி என்றது. மறு கட்சி, ஏணியைப் பிடித்தவள் கையில் பலமில்லை என்றது. விழுந்தவள் வெல்டரின் அண்ணன் மனைவி. பிடித்தவள் வெல்டரின் சொந்த மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஊர்ப்பேச்சு எந்த வாசலில் வந்து இறங்கினாலும் இரண்டு வீட்டுக்கும் பாதிப் பாதி பங்கு கிடைத்தது.

வெல்டர் மூன்றாவது கட்சி. அதில் அவர் ஒருவர்தான் உறுப்பினர். "ஏணிய யாராவது பாத்தீங்களா?" என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை.

அது வெண்ணெய்ப்பழத் தோட்டம், பட்டர் ஃப்ரூட் என்பார்களே அது. மரங்கள் இரண்டு மாடி உயரம். பழத்தைப் பிடுங்கக் கூடாது. காம்பில் ஒரு துண்டு விட்டுக் கத்தரியால் நறுக்க வேண்டும். காம்பு வேரோடு கழன்றால் அந்தக் குழி வழியாக அழுகல் இறங்கிப் பெட்டியையே கெடுத்துவிடும். அதனால் மேலே ஏறுகிறவளுக்கு இரண்டு கையும் வேலைக்கே போய்விடும். பிடித்துக்கொள்ளக் கை மிஞ்சாது. அந்தக் குறைக்குத்தான் கீழே இன்னொருத்தி. ஏணியின் அடியில் ஒரு பாதத்தை முட்டுக் கொடுத்து, மேலே இருப்பவள் எந்தப் பக்கம் சாய்கிறாளோ அதற்கு எதிர்ப்பக்கம் தன் உடம்பைச் சாய்த்து நிற்பாள். இப்படி இருவராகச் சேர்ந்தவர்களுக்கு ஏணி ஜோடி என்று பெயர். கல்யாண ஜோடி பிரிந்தாலும் ஏணி ஜோடி பிரியாது என்று தோட்டத்தில் கேலி பேசுவார்கள். வெல்டரின் மனைவிக்கு உயரம் ஏறினால் தலை சுற்றும். அதனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் அண்ணி மேலே, அவள் கீழே.

வெல்டர் போய்ப் பார்த்தபோது அதே ஏணியில் வேறொரு ஜோடி வேலை செய்துகொண்டிருந்தது. இடுப்பு எலும்பு உடைந்து ஒருத்தி ஆஸ்பத்திரியில் கிடக்க, மறுநாளே அந்த ஏணி வேலைக்குத் திரும்பியிருந்தது. அவர்களை இறங்கச் சொல்லி ஏணியைப் படுக்கப் போட்டார். ஒரு காலில் வழுக்காமலிருக்க மாட்டும் ரப்பர் உறை இருந்தது. மறு காலில் இல்லை. மரம் சாய்வாகத் தேய்ந்து செருப்பின் குதிகால் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. அண்ணி விழுந்த அன்று காலை அந்த இடத்தில் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள்.

"விதிக்குக் காலில ரப்பர் இல்லப்பா" என்றார், பக்கத்தில் நின்ற டிராக்டர் டிரைவரிடம்.

டிரைவர் சிரித்தான். "முதலாளிகிட்ட சொல்லிப் பாருங்கண்ணே."

சொன்னார். முதலாளி ஏணியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. பிடிச்சவங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார். அண்ணியின் வீட்டுக்கு இரண்டாம் தரப் பழம் ஒரு பை கொடுத்தனுப்பினார்.

வெல்டர் சின்ன வயதில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் கற்றவர். கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று தெருவில் பாதி வீடுகளில் அவர் கை பட்டிருக்கும். "பத்தவச்சார்" என்பது தெரு வைத்த பெயர். இரும்பையும் பத்தவைப்பார், நாலு பேர் கூடி நின்றால் அவர்களுக்குள்ளும் பத்தவைத்துவிட்டுத்தான் நகர்வார் என்று அர்த்தம். நல்ல நேரம் பார்த்துக் கேட்டு மாட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், "கரண்டு இருக்கிற நேரம் எல்லாம் நல்ல நேரந்தாங்க" என்பார். தோட்டத்தில் எல்லோரும் ஐயா என்று அழைக்கும் முதலாளியை அவர் ஒருவர்தான் சார் என்று அழைப்பார். அதற்கும் தெருவில் ஒரு கேலி இருந்தது.

மனைவி விடிந்ததும் சுவரின் அந்தப் பக்கம் போய்விடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணியைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, மூத்தாரின் வசவைக் கேட்டுக்கொள்வது எல்லாம் அவள் வேலை. மூத்தார், அதாவது வெல்டரின் அண்ணன், நேராகத் திட்டமாட்டார். பூனையைத் திட்டுவார். "பிடிக்கத் தெரியலன்னா எதுக்குப் பிடிக்கற" என்று ஒருநாள் எலியைத் தப்பவிட்ட பூனையிடம் கேட்டார்.

அண்ணிதான் படுத்தபடியே குரல் கொடுத்தாள். "பூனைக்கு என்ன தெரியும், எங்கிட்ட கேளுங்க. அவ விடல. ஏணிதான் நடந்துச்சு. நடக்கிற ஏணிய யாரு பிடிக்கிறது? தம்பி, நீங்களாவது சொல்லுங்களேன்."

வெல்டர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தார். இந்த ஊரில் காரணத்தைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று நினைத்தார். ஏணியே இல்லாமல் பழம் பறித்துக் காட்டிவிட்டால், குற்றம் ஏணியுடையது என்று ஆகிவிடும். மனைவியின் கை பழியிலிருந்து தப்பிக்கும்.

தோட்டத்து டிராக்டருக்கு முன்னால் பழப்பெட்டிகளைத் தூக்க இரண்டு நீண்ட இரும்புக் கைகள் உண்டு. ஃபோர்க் என்று சொல்வதை விட்டுக் கொம்பு என்பார்கள். அந்தக் கொம்பின் மேல் ஒரு கூண்டு வைத்து, அதில் ஆளை நிறுத்தி மேலே தூக்கினால் என்ன?

வீட்டை ஒட்டிய தன் பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய பஸ்ஸின் தரைத் தகட்டை அறுத்தார். மேடு மேடாக இருக்கும் அந்தத் தகட்டில் ஈரக்காலும் வழுக்காது. அடியில் இரண்டு கெட்டியான சதுரக் குழாய்களை வைத்து, கொம்புகள் அவற்றுக்குள் உறைக்குள் கத்தி போலச் சொருகுமாறு அளந்து பொருத்தினார். முனைவரை சொருகியதும் பின்னால் துளை வழியாக ஒரு இரும்புப் பின்னைத் தட்டிவிட வேண்டும். கூண்டு முன்னால் நழுவாது. அதற்கு மேல் ஒரு சங்கிலியும் வைத்தார், ஒன்று தோற்றால் ஒன்று இருக்கட்டும் என்று. இடுப்புயரத்துக்குக் கம்பி, முழங்காலுக்கு ஒரு கம்பி, கத்தரி உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமலிருக்கத் தரையைச் சுற்றி ஒரு விளிம்பு. கதவை உள்பக்கம் திறக்கும்படி போட்டார். சாய்ந்தால் திறக்கக் கூடாது அல்லவா. இடுப்பு வாரை மாட்டக் கொக்கி. கொம்பைக் குனியவைக்கும் நெம்புகோலை, ஆள் மேலே இருக்கும்போது அசைக்க முடியாதபடி பூட்ட ஒரு தகடு. டிராக்டரின் வால் எழும்பாமலிருக்கப் பின்னால் கான்கிரீட் ஊற்றிய ஒரு பீப்பாய். ஆளைத் தூக்குவதற்காகச் செய்த வண்டியில்லை இது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு இணைப்பையும் தன் பிள்ளை நிற்கப்போகிற இடம் போலப் பற்றவைத்தார். பிள்ளை என்று அவருக்கு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் மணல் மூட்டைகளை ஏற்றி உச்சிவரை தூக்கி, மதியம் முழுக்க அப்படியே நிறுத்தச் சொன்னார். அப்புறம் தானே ஏறினார்.

"சர்க்கஸ்ல சிங்கம் ஏறியாச்சு" என்றான் டிரைவர், லீவரைத் தூக்கிக்கொண்டே.

"சீட்ட விட்டு இறங்கின, கடிச்சிடுவேன்."

முதலாளி நிழலில் நின்று பார்த்தார். சிரிக்கவில்லை; யோசித்துக்கொண்டிருந்தார். வெல்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

கூண்டு வேலைக்கு வந்ததிலிருந்து ஒருத்தியும் விழவில்லை. கூண்டில் நின்றவர்கள் இரண்டு கையாலும் தைரியமாக நறுக்கினார்கள். ஏணியை மரத்துக்கு மரம் தூக்கிப் போய்ச் சாத்துகிற நேரமும் மிச்சமாயிற்று. அண்ணியின் வீட்டில் மூத்தார் பூனையைத் திட்டுவதை நிறுத்தினார். ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அந்த ஏணி அப்பவே சரியில்லதான் போல" என்று பொதுவாகச் சொன்னார். வெல்டரின் மனைவி அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். வெல்டர் வாய் திறக்காமல் சாப்பிட்டார். ரொம்ப நாள் கழித்து அவள் சிரித்ததை அன்று பார்த்திருந்தார்.

அடுத்த வாரம் தோட்டத்து வாசலில் அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

அவளை மட்டும் இல்லை. ஏணி பிடிக்கிறவர்களில் பெரும்பாலோரை. கூண்டில் நறுக்குகிறவர்களும், கூண்டு வந்து சேராத மரங்களுக்கு இரண்டொரு ஏணி ஜோடியும் மட்டும் உள்ளே வரலாம், மற்றவர்கள் வரவேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வாசலில் நின்றவர்களுக்குச் சூரியன் ஏறும்வரை அது புரியவே இல்லை.

சாயங்காலம் பட்டறைக்குப் பெண்கள் வந்தார்கள். முன்னால் நின்றவளுக்குக் கணீர் என்று பெயர்; ஒரு மரத்தடியில் நின்று பேசினால் கடைசி மரம்வரை கேட்கும். அன்றைக்கு அவளே மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, நீங்க செஞ்சது நல்லா நிக்குது."

"ம்."

"அதான் சங்கடம்."

வெல்டருக்கு உட்காரச் சொல்லத் தோன்றவில்லை. உட்காரவும் இடமில்லை, எங்கும் துண்டுக் குழாய்கள்.

"அது கொஞ்சம் அப்பப்ப கெட்டுப்போற மாதிரி பண்ண முடியாதாண்ணே?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "ரேடியோ எல்லாம் கெட்டுப்போகுதே."

"ரேடியோ கெட்டா பாட்டு நிக்கும். இது கெட்டா யாரும்மா கீழ விழுவா? முதலாளியா?"

கணீர் தலையை ஆட்டினாள். "என் மகதான் மேல நிக்கிறா. நான் பிடிச்சிட்டிருந்தேன், அவ நறுக்கிட்டிருந்தா. இப்ப அவ உள்ள, நான் வெளிய. கெட்டுப்போகணும்னு நான் எந்த வாயால சொல்றது?"

அவரைத் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டுக்குத் திட்டு கொடுத்துப் பழகிய மனிதர். அவர்கள் சும்மா நின்றுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் வெல்டர் சட்டையை மாற்றிக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனார். கிடங்கின் ஓரத்தில் கண்ணாடி போட்ட அறை. வெளியே பெண்கள் பழத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. முதலாளி அவருக்கு நாற்காலி காட்டினார்.

வெல்டர் வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். கூண்டு மேலே போகும்போது கிளை எங்கே இடிக்கும், தரை எங்கே மேடு பள்ளம் என்று டிரைவருக்கு இருக்கையிலிருந்து தெரியாது. கீழே நின்று கை காட்ட ஆள் வேண்டும். அந்த வேலையை ஏணி பிடித்தவர்களுக்கே கொடுக்கலாம். மரத்தின் போக்கு அவர்களுக்குத்தான் தெரியும். நறுக்குகிறவர்களும் அவர்களும் மாறி மாறி நிற்கலாம். வேலை வேகமாக நடக்கிறது. அந்த வேகத்தில் ஒரு பங்கு அவர்களுக்கும் சேரவேண்டும்.

முதலாளி முழுதும் கேட்டார். "டிரைவருக்குக் கண்ணு இருக்கே" என்றார்.

"பத்தாது சார். மேல பாத்தா கீழ பாக்க முடியாது."

"இதுவரைக்கும் யாராவது விழுந்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?" முதலாளி மேசையில் கிடந்த ஒரு பழத்தை எடுத்துக் காம்பைப் பார்த்தார். "நீங்கதான சொன்னீங்க, விதி இல்ல, கையும் இல்ல, ஏணிதான்னு. எல்லாரும் வேற சொன்னப்ப நான் உங்க பேச்ச எடுத்துக்கிட்டேன். ஏணிய எடுத்தாச்சு. இல்லாத ஏணியப் பிடிக்க ஆள் வெச்சா நாளைக்கு நீங்களே என்னை முட்டாள்னு சொல்வீங்க."

வெல்டர் விதி என்று சொல்கிற முதலாளிகளோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்றிருக்கிறார். அந்தச் சண்டையின் ஒவ்வொரு அடியும் அவருக்குத் தெரியும். காரணம் பேசுகிற முதலாளியை அவர் பார்த்ததில்லை. இந்த மனிதருக்கு விதியும் ஒன்றுதான், காரணமும் ஒன்றுதான். அன்றைக்கு எது தன் பக்கம் சாய்கிறதோ அதன் மேல் ஏறிக்கொள்வார். ஏணி தேய்ந்தபோது விதி உதவியது, கூண்டு வந்தபோது அறிவு உதவியது. அறிவு என்பது எப்போதும் ஏழையின் பக்கம்தான் நிற்கும் என்று வெல்டர் எந்தக் கணக்கில் நம்பியிருந்தாரோ தெரியவில்லை. அதுவும் ஒருவகை மூடநம்பிக்கைதான் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு உறைத்தது.

"எங்க அண்ணி இன்னும் எழுந்து நிக்கல சார்" என்றார் கடைசியில். சொல்ல வந்தது அது இல்லை.

"பழம் அனுப்பினேனே" என்றார் முதலாளி.

வெளியே வரும்போது அந்த அறைக் கதவின் கீல் தொய்ந்து தரையை உரசியது. கால் தானாக நின்றது. ஒரு வாஷர் போட்டால் போதும். தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. கதவை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்.

பருவத்தின் நடுவில் டிரைவர் கூண்டைக் கொம்பில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டான். இறக்கி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"என்ன?"

"பெருசு பண்ணணுமாம்ணே. இன்னும் ரெண்டு பேர் நிக்கிற மாதிரி. பெட்டியும் வைக்கணுமாம்."

வெல்டர் குனிந்து பார்த்தார். இரண்டு பேருக்கு என்று செய்த கூண்டு. ஒரு பக்கக் கம்பி வெளியே வளைந்திருந்தது. கொம்பு சொருகும் இடது குழாயின் தலைமாட்டில், பற்றவைத்த கோட்டை ஒட்டி, மயிரிழை போல ஒரு விரிசல். இரும்புப் பின் இருக்க வேண்டிய துளையில் ஒரு மரக்குச்சி இருந்தது.

அந்தக் குச்சியை உருவி எடுத்து டிரைவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பின்னு எங்கயோ விழுந்துடுச்சு. சும்மா தற்காலிகமா..."

"இதுல எத்தன பேர ஏத்தின?"

"நாலு. நான் வேணாம்னுதான் சொன்னேன். சொன்னா நாளைக்கு வேற டிரைவர்." அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பினான். "சங்கிலி இருந்துச்சுண்ணே. அதான் நிக்குது."

வெல்டர் குச்சியைத் தூர எறிந்தார். "மாட்டேன்னு போய்ச் சொல்லு. ரெண்டு பேருக்கு மேல ஒரு விரல் நீளம்கூட நீட்டமாட்டேன். இத இங்கயே அறுத்துப் போட்டுடறேன்."

"அறுங்க." டிரைவர் குரல் உயரவில்லை. "நீங்க மாட்டேன்னா மெயின் ரோட்டுக் கடைல குடுக்கச் சொல்லிட்டாரு. தகடு அவரே வாங்கி வெச்சிருக்காரு. அந்த ஆளு எப்படிப் பண்ணுவான்னு உங்களுக்குத் தெரியாதா? நாலு மூலைக்கு நாலு பொட்டு வெச்சு, பெயிண்ட் அடிச்சு அனுப்புவான்."

தெரியும். அந்தக் கடையின் கேட்டுகள் கழன்று விழுந்து இவரிடம் வந்திருக்கின்றன.

"நேத்து மேல யாரு நின்னா?"

"கணீர் மக. இன்னும் மூணு பேரு."

வெல்டர் தரையில் உட்கார்ந்தார். அறுத்துப் போட்டால் நாளைக்கே பொட்டு வைத்த கூண்டு ஒன்று வரும்; அதில் அந்தப் பெண் நிற்பாள். நன்றாகச் செய்து கொடுத்தால் இன்னும் இரண்டு பேர் மேலே நிற்பார்கள். மிச்சமிருக்கும் ஏணிகளும் கிடங்குக்குப் போகும். அவற்றைப் பிடிப்பவர்கள் வாசலுக்கு வெளியே போவார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் விரிசல் தன் வேலையைச் செய்யும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் கைதான் இருந்தது. முதலாளியின் கை எங்கேயும் இல்லை. இரும்பைத் தொடாமலே எல்லாவற்றையும் வளைக்கிற கை அது.

மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க" என்றாள். "என்ன பண்ணப் போறீங்க?"

"நீ சொல்லு."

"நான் என்னத்தச் சொல்றது. எனக்கு வேலை வேணும்னு சொல்லவா, அந்தப் பொண்ணு விழக் கூடாதுன்னு சொல்லவா?"

"ரெண்டும் சொல்லலாமே."

"சொன்னா நடக்குமா?"

அவள் சிறிது நேரம் கூண்டையே பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவருக்கும் டிரைவருக்கும் கொடுத்தாள்.

"மத்தவன்கிட்ட போக வேணாம்" என்றாள். "நீங்களே நல்லா பத்தவைங்க."

அவர் விரிசலை முழுதாக அரைத்தெடுத்துவிட்டு இரண்டு பக்கமும் பற்றவைத்தார். தரையை நீட்டினார், உறைக் குழாய்களை மாற்றி அதைவிடக் கனமானது போட்டார். பின்னைச் சங்கிலியில் கோத்துக் கூண்டோடு சேர்த்தே பற்றவைத்தார், இனி யாரும் தொலைக்க முடியாதபடி. நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது என்று கம்பியில் வெல்டிங் ராடாலேயே எழுதினார். படிக்கிறவர்கள் மேலே நிற்பவர்கள்தான். ஏற்றச் சொல்கிறவர் படிக்கப்போவதில்லை. அது தெரிந்தேதான் எழுதினார். ஏணிக்காரிகளில் மிச்சமிருந்தவர்களையும் அந்த வாரமே நிறுத்தினார்கள்.

அவர் மனைவி இப்போது விடிவதற்கு முன்பே கணீரோடு மெயின் ரோட்டுக்குப் போகிறாள். அங்கே வருகிற லாரி எந்த வேலைக்குக் கூப்பிடுகிறதோ அதில் ஏறிக்கொள்வார்கள். சில நாள் செங்கல் இறக்க, சில நாள் வெங்காயம் பிரிக்க. லாரி வராத நாளில் திரும்பி வந்து, சுவருக்கு அந்தப் பக்கம் போய் அண்ணியைக் கைத்தாங்கலாக நடக்கவைப்பாள். அண்ணிக்கு இனி மரமேறும் உத்தேசம் இல்லை.

சாயங்காலம் டிராக்டர் பட்டறையைக் கடக்கும்போது வெல்டர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வருவார். டிரைவர் வண்டியை மெதுவாக்குவான்.

"யாரும் விழலியே?"

"இல்லண்ணே."

"எத்தன பேரு நின்னாங்க?"

டிரைவர் ரோட்டைப் பார்த்துக் கியரை மாற்றுவான். வண்டி திருப்பத்தில் மறையும்வரை வெல்டர் அங்கேயே நிற்பார். பிறகு உள்ளே போய், யாருடைய ஜன்னலுக்கோ கம்பி அறுக்க உட்காருவார்.